குடுமியை விடுங்கள், காலைப் பாருங்கள்

காட்டில் பெரிய கழுகு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, தலையில் குடுமி. நான் இரண்டு வருடம் அதைப் பார்த்ததுமே ‘குடுமிக் கழுகு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். பாதி தப்பு. பாம்புக் கழுகுக்கும் கொண்டை உண்டு. போதாததற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பல இடங்களில் குடுமிக் கழுகுக்குக் குடுமியே இருப்பதில்லை.

அதனால் முதலில் காலைப் பாருங்கள். குடுமிக் கழுகுக்கு விரல் தொடங்கும் இடம்வரை இறகு மூடியிருக்கும், முழுக்கால் சட்டை போட்டதுபோல. பாம்புக் கழுகின் கால் வெறுங்கால். மஞ்சளாக, செதில் செதிலாக இருக்கும். பாம்பைப் பிடிக்கிற கால் அது.

சில நேரம் வயிற்று இறகு காலை மறைத்துவிடும். அப்போது முகத்துக்குப் போங்கள். ஒருநாள் மழை விட்டதும் பட்ட மரத்தில் ஒரு பாம்புக் கழுகு சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அலகிலிருந்து கண்வரை இறகில்லாத தோல், மஞ்சள் பூசியதுபோல் பளிச்சென்று இருந்தது. பழுப்பு வயிற்றில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். காற்றடித்ததும் பிடரி முழுக்க விசிறிபோல் விரிந்தது. கறுப்புக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. குடுமிக் கழுகின் குடுமி இப்படி விரியாது. நீளமான சில இறகுகள் பின்னந்தலையில் குத்திட்டு நிற்கும், அவ்வளவுதான். அதன் மார்பில் புள்ளி இல்லை, வெள்ளையில் நெடுக்கே கருங்கோடுகள்.

பறக்கும்போது குழப்பம் குறைவு. பாம்புக் கழுகு வட்டமிடும்போது இறக்கைகளைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் இறக்கையின் பின்னோரத்தில் கறுப்பு, அதை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒரு பட்டை. குடுமிக் கழுகு இறக்கையைக் கிட்டத்தட்ட மட்டமாக வைத்திருக்கும், வால் நீளம்.

பாம்புக் கழுகு வானத்தில் சுற்றிக்கொண்டே உரக்க விசிலடிக்கும். பல நாள் குரல் கேட்டுத்தான் நான் தலையைத் தூக்கியிருக்கிறேன். குடுமிக் கழுகோ இலைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து அசையாமல் இரைக்குக் காத்திருக்கும்.

அப்புறம், இளம் பறவைகள். இரண்டுமே வெளுத்துத்தான் இருக்கும். நிறத்தை நம்பிப் பெயர் எழுதாதீர்கள். கால் தெரியும்வரை காத்திருங்கள். தெரியவில்லையா, ‘கழுகு’ என்று மட்டும் எழுதுங்கள்.