தண்ணீர்ப் பந்தலை நேர்முகத் தேர்வில் எப்படிச் சொல்வது

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக வேலைக்கு ஆள் எடுக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் தொண்டூழியத்தை விவரக் குறிப்பின் கடைசி வரியில் போட்டுவிட்டு, நேரில் வாயே திறப்பதில்லை. கேட்டால், "சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்பார்கள். என் முதல் நேர்முகத் தேர்வில் நானும் அதையேதான் சொன்னேன். "உதாரணத்துக்கு?" என்றார் எதிரே இருந்தவர். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தொடக்கநிலை 4 பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்!

அதனால், நேர்முகத் தேர்வுக்குப் போவதற்கு முன், தொண்டூழியம் செய்த ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது சிக்கல் வந்த நாளாக இருக்கட்டும்.

இரவு முறை மேற்பார்வையாளர் வேலைக்கு வந்த ஒரு தம்பி தைப்பூசத்தைப் பற்றிச் சொன்னார். 1968க்குப் பிறகு இங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. சொந்த விடுப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருக்கிறார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை பால்குடமும் காவடியும் வெறுங்காலோடு போகிற வழி. விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால், குடித்துப் போட்ட குவளைகளும் சிந்திய மோருமாகத் தரை வழுக்குகிறது. உடனே மோர் கொடுப்பதை இரண்டு நிமிடம் நிறுத்தி, மேசையைப் பின்னால் தள்ளி, பத்தடிக்கு ஒருவராகக் குப்பைப் பையோடு நிறுத்தியிருக்கிறார். "அதற்கப்புறம் யாரும் வழுக்கவில்லை அக்கா" என்றார். கிடங்கில் லாரி ஏற்றும் இடத்தை இவர் எப்படி வைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எதிரே இருப்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருக்கலாம். அன்னதானம் என்ற சொல்லை மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாது. எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எத்தனை பேர் பரிமாறினீர்கள், உங்கள் பொறுப்பு எது என்று ஆங்கிலத்தில் வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கூட்டாகச் செய்ததைக் கூட்டாகவே சொல்லுங்கள். அதில் உங்கள் பங்கு மட்டும் தெளிவாகத் தெரியட்டும்.

கோயில் வேலையைச் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் மதம், இனம் பற்றி முதலாளி கேட்கக்கூடாது என்று இங்கே வழிகாட்டி விதிகள் இருக்கின்றன. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நீங்களாகச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. பேச்சு வழிபாட்டுப் பக்கம் போகாமல், செய்த வேலையிலேயே நிற்கட்டும்.

பள்ளியில் கட்டாயத்துக்காகச் செய்ததென்றால் அப்படியே சொல்லுங்கள். மணிக்கணக்கைக் கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலோ சமூக மன்றத்திலோ இப்போதும் போய்க்கொண்டிருந்தால், அதுதான் முதலில் வரவேண்டும்.

"இதனால் வேலைக்கு இடைஞ்சல் வராதா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "சமாளித்துக்கொள்வேன்" என்ற பதில் எனக்கு ஒருபோதும் போதவில்லை. "சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை வகுப்பு. தைப்பூசத்துக்கு ஒரு நாள் விடுப்பு; ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவேன்" என்று சொல்லுங்கள். நான் உடனே பணி அட்டவணையை எடுத்துப் பார்ப்பேன்.