நிரலில் உள்ள ஒரு கிளாஸை (class: தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய அலகு) பேனாவும் தாளும் கொண்டு அளப்பது எப்படி?

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருந்தது. மொரீஷியஸின் காத்ர் போர்னில் காவடி எடுப்பவர்களுக்காக நான் எழுதிய பதிவு நிரலில், ஒருவர் பெயரைத் திருத்தினால் அவருக்கு இன்னொரு ரசீது எண் விழுந்தது. இங்கே பெயர்த் திருத்தம் ஓயாது. முத்துசாமி என்ற ஒரே பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் வீட்டுக்கு வீடு வேறு மாதிரி எழுதுவார்கள்.

பிழையைத் தேடுமுன் அந்த நிரலின் கிளாஸை அளந்தேன். மென்பொருள் ஆய்வாளர்கள் சிதம்பரும் கெமரரும் 1994இல் வெளியிட்ட ஆறு கிளாஸ் அளவைகளில், ஒரு கிளாஸின் உறுப்புகளுக்கிடையே உள்ள ஒட்டுறவின்மையைக் காட்டுவது எல்.சி.ஓ.எம். (LCOM). முதலில் அதைத்தான் பாருங்கள் என்பேன்.

தாளில் மெத்தட்களை, அதாவது கிளாஸ் செய்யும் செயல்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்தத் தரவைத் தொடுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். என்னுடையவை: பெயர் சேர்த்தல், பெயர் திருத்தல் (இரண்டும் பெயரைத் தொடும்), ரசீது எண் வழங்கல் (எண்), காணிக்கை கூட்டல் (எண், தொகை). நான்கு மெத்தட்களில் ஆறு இணைகள். பொதுத் தரவு உள்ளவை இரண்டு, இல்லாதவை நான்கு. நான்கில் இரண்டு போனால் மீதி 2, அதுதான் எல்.சி.ஓ.எம். கழித்து வருவது எதிர்மமானால் பூஜ்யம் என்றே கொள்ள வேண்டும். தொடக்க மதிப்புகளை இடும் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் எல்லாத் தரவையும் தொடுவதால் கணக்கு மயங்கும்.

எண்ணைவிட அந்தத் தாள்தான் எனக்குக் கண் திறந்தது. பொதுத் தரவு உள்ள மெத்தட்களைக் கோட்டால் இணைத்தபோது ஒன்றையொன்று தொடாத இரண்டு தீவுகள் நின்றன. ஒரே கூரையின்கீழ் இரண்டு குடும்பம்! பெயரைத் திருத்திச் சேமித்தால் ரசீதும் ஏன் புதிதாகப் பிறந்தது என்று அப்போது விளங்கியது. இரண்டு கிளாஸாகப் பிரித்தேன். இரண்டிலும் அளவு பூஜ்யம்.

பிரித்த கையோடு அந்த ஆறில் இன்னொன்றான சி.பி.ஓ.வையும் (CBO) எண்ணுங்கள். ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களோடு பிணைந்திருக்கிறது என்பது அது. ரசீது கிளாஸ் தரவுத்தளம், வசூல் திரை, பெயர்ப்பதிவு என மூன்றோடு பிணைந்திருந்தது. ரசீது கிளாஸுக்குப் பெயர்ப்பதிவு ஆப்ஜெக்ட்டையே கொடுக்காமல் பதிவு எண்ணை மட்டும் கொடுத்தேன், இரண்டாகக் குறைந்தது.

மரபுரிமை ஆழம் (ஒரு கிளாஸ் எத்தனை தலைமுறைத் தாய்க் கிளாஸ்களின் வழி வந்தது), பிள்ளைக் கிளாஸ் எண்ணிக்கை போன்ற மற்ற அளவைகள் இவ்வளவு சிறிய நிரலில் எதுவும் சொல்லா, விட்டுவிடலாம். பெரிய நிரலில் கணக்கை அளக்கும் மென்பொருள் கருவியிடம் ஒப்படையுங்கள். ஆனால் அது தரும் பட்டியலில் மோசமான முதல் கிளாஸையாவது கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கருவியும் எல்.சி.ஓ.எம்.மை ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை.