பொதுக் காரணியை வெளியே எடுப்பது எப்படி?

6க + 9 என்றொரு கோவை. இதையே 3(2க + 3) என்றும் எழுதலாம். மதிப்பு மாறாது, ஆனால் கூட்டலாக இருந்தது பெருக்கலாகிவிடும். இதுதான் காரணிப்படுத்துதல். அடைப்புக்குறியை விரித்து எழுதத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, அதே பங்கீட்டு விதியைத் திருப்பிப் போடுகிறோம், அவ்வளவுதான். இங்கே க, ச இரண்டும் மாறிகள்.

சரி, கொஞ்சம் பெரிய கணக்காகவே எடுப்போம்:

12க²ச − 18கச² + 6கச

படி 1: முதலில் எண்களை மட்டும் பாருங்கள். 12, 18, 6 மூன்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் 6. சட்டென்று தெரியவில்லையா? இருப்பதிலேயே சிறிய எண் மற்றவற்றை வகுக்கிறதா என்று பாருங்கள். வகுக்காவிட்டால் அதன் காரணிகளில் அடுத்த பெரியதற்கு இறங்குங்கள்.

படி 2: அடுத்து எழுத்துகள். க மூன்று உறுப்புகளிலும் இருக்கிறது, அடுக்குகள் 2, 1, 1. இதில் சிறிய அடுக்கைத்தான் எடுக்க வேண்டும். நடு உறுப்பில் ஒரே ஒரு க இருக்கும்போது அதிலிருந்து இரண்டை எப்படி எடுப்பது? ச-வுக்கும் இதே கதைதான். ஆக, பொதுக் காரணி 6கச.

படி 3: ஒவ்வோர் உறுப்பையும் 6கச-ஆல் வகுங்கள்.

12க²ச ÷ 6கச = 2க
−18கச² ÷ 6கச = −3ச
6கச ÷ 6கச = 1

விடை: 6கச(2க − 3ச + 1)

அந்தக் கடைசி 1-இல்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூன்றாவது உறுப்பு முழுசாக வெளியே போய்விட்டதே, உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்து 6கச(2க − 3ச) என்று முடித்துவிடுவார்கள். ஓர் உறுப்பை அதே உறுப்பால் வகுத்தால் வருவது 1, பூஜ்ஜியம் அல்ல. எண்ணிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: கோவையில் மூன்று உறுப்பு என்றால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று இருக்க வேண்டும்.

படி 4: சரிபார்ப்பு. க = 1, ச = 2 என்று போடுங்கள். மூலக் கோவை 24 − 72 + 12 = −36. விடையில் 12 × (−3) = −36. பொருந்துகிறது. மறந்தும் 0 போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே கச நிற்பதால் தப்பான விடையும் 0 தந்து உங்களை ஏமாற்றிவிடும்.

இந்தச் சோதனைக்குச் சிக்காத குறை ஒன்று உண்டு. 2கச(6க − 9ச + 3) என்று எழுதினாலும் −36 தான் வரும். தப்பில்லை, ஆனால் வேலை முடியவில்லை, உள்ளே இன்னும் 3 பொதுவாக இருக்கிறது. அதனால் விடை எழுதியதும் அடைப்புக்குறிக்குள் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள்.

அப்புறம், முதல் உறுப்பு குறை எண்ணாக இருந்தால் குறைக் குறியையும் சேர்த்தே வெளியே எடுப்பது வழக்கம். உள்ளே எல்லாக் குறிகளும் மாறும்: −4க + 10 = −2(2க − 5).

பொதுக் காரணி ஓர் அடைப்புக்குறியாகவே இருப்பதும் உண்டு: க(ச + 2) + 5(ச + 2). இதில் (ச + 2)-ஐ ஒரே பொருளாக நினைத்து வெளியே எடுத்தால் (ச + 2)(க + 5).

இனி நீங்களே போட்டுப் பாருங்கள்: 8க³ + 12க², 15கச − 5ச, −6க² − 9க. விடைகள் வரிசையாக 4க²(2க + 3), 5ச(3க − 1), −3க(2க + 3).