காந்தத்தை ஆட்டி எல்இடி எரியவைப்பது எப்படி?

மின்காந்தத் தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்குவதைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், கம்பி சுற்றிய குழாய்க்குள் காந்தத்தை ஆட்டும்போது பேட்டரியே இல்லாமல் ஒரு எல்இடி பளிச்சென்று மின்னுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உண்மையிலேயே புரிந்தது. அதனால் சூத்திரம் அப்புறம், முதலில் செய்துவிடுவோம்.

10 மி.மீ. விட்டமும் சுமார் 20 மி.மீ. நீளமும் உள்ள நியோடிமியம் காந்தம் ஒன்று வேண்டும். சின்ன வட்டுகள்தான் இருக்கிறதென்றால் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டாலே போதும். அது தடையில்லாமல் வழுக்கிப் போகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளம், மோட்டார் வைண்டிங்குக்கு எடுக்கிற எனாமல் பூசிய செப்புக்கம்பி 0.2 மி.மீ. தடிமனில் 60 மீட்டர், சிவப்பு எல்இடி இரண்டு, உப்புத்தாள் ஒரு துண்டு. சிவப்புதான் வேண்டும் என்று சொல்லக் காரணம் உண்டு: அது 2 வோல்ட்டுக்குள் எரிந்துவிடும், வெள்ளைக்கு 3 வோல்ட் அளவுக்குத் தேவைப்படும்.

குழாயின் நடுவில் 2 செ.மீ. அகலத்துக்குள் மட்டும் 1000 சுற்று சுற்றுங்கள், ஆரம்பத்தில் ஒரு விரற்கடை கம்பியை வெளியே விட்டுவிட்டு. குழாய் முழுக்கப் பரப்பிச் சுற்றினால் அழகாக இருக்கும், ஆனால் காந்தம் ஒரே நேரத்தில் கொஞ்சம் சுற்றுகளைத்தான் கடக்கும், வோல்டேஜ் வராது. நடுவில் திசை மாற்றிச் சுற்றிவிடாதீர்கள், ஒரு பாதியில் உண்டாவதை மறுபாதி அழித்துவிடும். சுற்றி முடித்ததும் இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேயுங்கள். முதல்தடவை நான் இதை அரைகுறையாகச் செய்துவிட்டு, காந்தத்தில்தான் கோளாறு என்று ஒரு மாலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். எனாமல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரத்தை விடவே விடாது.

இப்போது இரண்டு எல்இடிகளையும் எதிரெதிராக இணையுங்கள், அதாவது ஒன்றின் நீளக்காலோடு மற்றதன் குட்டைக்கால். அந்த இரண்டு இணைப்புகளிலும் சுருளின் முனைகளை முறுக்கி, காந்தத்தை உள்ளே போட்டு, குழாயின் இரு பக்கத்தையும் அடைத்து, வேகமாகக் குலுக்குங்கள். காந்தம் சுருளுக்குள் நுழையும்போது ஒன்றும், வெளியேறும்போது மற்றதும் மின்னும். மின்னோட்டம் திசை மாறுவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்.

எரியவில்லையா? மெதுவாக ஆட்டியிருப்பீர்கள். இங்கே முக்கியம் வேகம்தான், ஏனென்றால் சுருளுக்குள் காந்தப்புலம் *மாறுகிற* கணத்தில் மட்டும்தான் மின்னழுத்தம் பிறக்கிறது, எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அவ்வளவு அதிகம், அதை எத்தனை சுற்று இருக்கிறதோ அத்தனையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். சூத்திரம் சொல்வதும் இவ்வளவுதான். இந்தக் கணத்தைத் தவறவிட்டவர் ஒருவர் உண்டு. 1825-இல் ஜெனீவாவில் கொலடான் என்ற விஞ்ஞானி, காந்தம் கருவியின் முள்ளைப் பாதிக்கக் கூடாது என்று மின்னோட்டத்தை முள் அசைவில் காட்டும் கால்வனாமீட்டரைப் பக்கத்து அறையில் வைத்தார். சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கவனமாக வேலை செய்ததாலேயே கை நழுவிப் போனது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. 1831-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே அந்தக் கணத்தைப் பிடித்தார். நீங்களும் வோல்டேஜ் அளக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்பி உட்கார வேண்டாம், அது நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், துடிப்பு அதற்குள் வந்து போய்விடும். எல்இடிதான் சரியான சாட்சி.

இதைச் செய்து பார்த்தபின் மற்றவை தானாக விளங்கும். மின்நிலைய ஜெனரேட்டரில் காந்தம் சுழல்கிறது, நாம் ஆட்டினோம், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரிலும் வயர்லெஸ் சார்ஜரிலும் எதுவும் அசைவதில்லை, ஒரு சுருளில் ஓடும் மாறுமின்னோட்டமே புலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பகுதியே சுருளின் வேலையைச் செய்கிறது, நொடிக்கு 20 ஆயிரம் தடவைக்கும் மேல் மாறும் புலம் அதற்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கிச் சூடாக்குகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரம் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, வாங்கும்முன் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நியோடிமியம் காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டவே விடாதீர்கள், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தொட வேண்டாம். இந்தச் சுருளை வீட்டு மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் சொருகாதீர்கள்.

மின்னல் போல விட்டுவிட்டு எரிவது போதவில்லை என்றால், எதிரெதிர் எல்இடிகளைக் கழற்றிவிட்டு மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டையோடுகளில் ஷாட்கி வகை நான்கை எடுத்து, இரு திசைத் துடிப்புகளையும் ஒரே திசைக்குத் திருப்பும் பிரிட்ஜ் ஒன்று கட்டி, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேருங்கள். சாதாரண டையோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், ஷாட்கி அதில் பாதிதான். அதற்கும் ஈடாக இன்னொரு 500 சுற்று கூட்டி, கெப்பாசிட்டரிலிருந்து 100 ஓம் மின்தடை வழியாக ஒரே ஒரு சிவப்பு எல்இடியை இணைத்துக் குலுக்கிப் பாருங்கள்.