பழைய கேப் போட்ட பல்லை சுத்தி ஈறு வீங்குதா? வீட்லயே பண்ண வேண்டியது இதான்

கேப் (பல்லு மேல மாட்டற உறை) போட்டு பல வருஷம் ஆயிருக்கும், திடீர்னு அந்த ஒரு பல்லை சுத்தி மட்டும் ஈறு செவந்து, பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். உடனே நம்மாளுங்க அந்த இடத்தை விட்டுட்டு மத்த பல்லை மட்டும் தேய்ப்பாங்க. வீக்கம் ஜாஸ்தியாகறதே அதுலதான். கேப் சொத்தையாகாது, ஆனா கேப்பும் பல்லும் சேர்ற விளிம்பு ஈறை ஒட்டியே இருக்கும், அழுக்கு போய் படியறது அங்கதான்.

ஸ்டெப் 1: மொபைல் டார்ச் போட்டு கண்ணாடில பாருங்க. ஈறு ஓரமா கருப்பு கோடு தெரிஞ்சா பதறாதீங்க, உள்ள மெட்டல் வச்ச செராமிக் கேப்ல ஈறு விலகினா அப்படித்தான் தெரியும். ஆனா ஈறுல பரு மாதிரி மொட்டோ சீழோ இருந்தா இந்த வைத்தியமெல்லாம் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. கன்னம் வீங்கி காய்ச்சல், முழுங்க கஷ்டம்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்டெப் 2: சாஃப்ட் பிரஷ். ஈறை பாத்து 45 டிகிரி சாய்ச்சு, அழுத்தாம குட்டி குட்டியா அசைங்க.

ஸ்டெப் 3: ஃப்ளாஸ், அதாவது பல்லிடுக்கை சுத்தம் பண்ற நூல். இதை மட்டும் பொறுமையா பண்ணுங்க. ஒன்றரை அடி நூல் எடுத்து ரெண்டு நடுவிரல்லயும் சுத்திக்கிட்டு, மெதுவா பல்லிடுக்குல இறக்கி, கேப்பை கட்டிப்பிடிச்ச மாதிரி வளைச்சு, ஈறுக்கு லேசா கீழ வரைக்கும் போய் மேலயும் கீழயும் தேய்க்கணும். கேப் ஆடற மாதிரி இருந்தா நூலை மேல இழுக்காதீங்க, ஒரு பக்கம் விட்டுட்டு சைடுல உருவிடுங்க. வெளிய எடுத்ததும் நூலை பாருங்க, மோந்தும் பாருங்க (அருவருப்புதான், யாரும் பாக்கல). தினமும் அதே இடத்துல நூல் மாட்டி பிரிஞ்சு வந்துச்சுன்னா கேப் விளிம்புல இடைவெளியோ சொத்தையோ இருக்கலாம்னு அர்த்தம், அதை நீங்க எவ்ளோ தேய்ச்சாலும் சரி பண்ண முடியாது. பிரிட்ஜ் (இல்லாத பல்லுக்கு பக்கத்து பல்லுங்களோட சேர்த்து ஒண்ணா போடற கேப்) போட்டவங்களுக்கு மேலேர்ந்து நூல் இறங்காது, சூப்பர் ஃப்ளாஸ் (முனை மட்டும் விறைப்பா இருக்கற நூல்) கேட்டு வாங்கி அடில நுழைச்சு எடுங்க.

ஸ்டெப் 4: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிங்க. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்னா மட்டும், அதுவும் சொன்ன நாள் வரைக்கும்தான், மாசக்கணக்கா ஊத்தினா பல்லு பழுப்பாயிடும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறுல தடவாதீங்க, புண்ணாயிடும்.

முதல் சில நாள் ரத்தம் வரத்தான் செய்யும், நிறுத்திடாதீங்க. ரெண்டு வாரத்துக்குள்ள குறையலைன்னா டாக்டர்கிட்ட போய் கேப் விளிம்பை செக் பண்ணி ஒரு எக்ஸ்ரே எடுக்க சொல்லுங்க. வலிக்கலையேன்னு தள்ளிப்போடாதீங்க, ரூட் கெனால் பண்ண பல்லுல நரம்பே இல்ல, உள்ள சொத்தை ஓடினாலும் பல்லு கூசாது. சுகர் இருந்தா அதையும் சொல்லிடுங்க, ஈறு ஆறவே லேட்டாகும். காரை படிஞ்சிருந்தா ஸ்கேலிங் (காரையை சுரண்டி எடுக்கறது) சொல்வாங்க, அது பண்ணா பல்லு ஆடிடும்னு பக்கத்து வீட்ல சொல்றதை காதுல வாங்காதீங்க. நடுவுல கேப் கழண்டு கையோட வந்துச்சுன்னா ஃபெவிக்விக் போட்டு ஒட்டாம, ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு போங்க, நல்லா இருந்தா அதையே திரும்ப ஒட்டிடுவாங்க.