சத்தமில்லாமல் ஓடவிடுங்கள்

வன்னியில் தாதிய மாணவர்களுக்குத் தாய்ப்பாலூட்டல் கற்பிக்கிறேன். நீங்களும் கற்பிப்பவரானால், குழந்தை மார்பைப் பற்றுவதைக் காட்டும் காணொளியை வகுப்புக்கு முதல் நாளே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் சிக்னலை நம்பியிருக்க முடியாது. தரவிறக்கி வைத்திருந்தால் மல்லாவியிலிருந்து வரும் பிள்ளை பஸ்ஸிலேயே பார்த்துக்கொள்வாள்.

வகுப்பில் முதல் தடவை சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். குழந்தை மார்பைப் பற்றும் கணத்தில் நிறுத்தி, "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, நாடி (மோவாய்) மார்பில் முட்டுகிறதா, முலைக்காம்பைச் சுற்றிய கருவளையம் வாய்க்குக் கீழே இருப்பதைவிட மேலே கூடுதலாகத் தெரிகிறதா? இந்த நான்கையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். விளக்கக் குரல் முந்திக்கொண்டால் கண் வேலை செய்யாது.

பிறகு திரையை மூடிவிட்டு, காலுறைக்குள் பஞ்சடைத்துச் செய்த மார்பையும் துணிப் பொம்மையையும் கொடுங்கள். ஒரு மாணவி பொம்மையின் பிடரியைப் பிடித்து அழுத்தினாள். அவளுடைய கையை மெல்லத் தோள்பட்டைக்கு இறக்கினேன். தலை சற்றுப் பின்னே சாய்ந்தது, நாடி முன்னே வந்தது. "ஓ, இதுதானா!" என்றாள்.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்குவது, 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பவற்றைக் கைபேசி வினாக்கொத்தில் வைத்தால் போதும்.

"பால் காணாது, மாப்பால் கொடுங்கோ" என்னும் அம்மம்மாவுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவில் பதில் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், பிள்ளைக்கு அதுவே போதும் என்பதை அன்பாகச் சொல்லப் பழகவேண்டும்.

வைத்தியசாலை விடுதியில் எந்தத் தாயையும் படமெடுக்க விடாதீர்கள். கைபேசி பைக்குள் இருக்கட்டும். கதிரையை இழுத்துப்போட்டு அம்மாவின் அருகில் உட்காரட்டும்.