சபையே பாட: கீர்த்தனையும் பாமாலையும் நடத்துவோருக்கு

கிறிஸ்தவ ஆராதனையில் முதல் பாடகர் குழு சபைதான். முன்னின்று பாடும் குயர் (பயிற்சி பெற்ற பாடகர் குழு) அதற்குத் துணை. குயர் அருமையாகப் பாடியும் சபையார் புத்தகத்தைப் பார்த்தபடி வாய்மூடி நின்றால், பெரும்பாலும் குற்றம் அவர்களுடையதல்ல. சுருதியிலோ எடுப்பிலோ (பாட்டைத் தொடங்கும் விதம்) ஒலிபெருக்கியிலோ இருக்கிறது.

முதலில் சுருதி. ஆணும் பெண்ணும் முதியோரும் சேர்ந்த சபைக்கு, கீபோர்டில் நடு 'சி'க்குக் கீழுள்ள 'ஏ' தொடங்கி, நடு 'சி'க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள 'சி'யைத் தாண்டி அடுத்த 'டி' வரை வசதி. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். பாட்டின் உச்ச சுரத்தைக் கண்டுபிடித்து, அது அந்த 'டி'யைத் தாண்டாதபடி கட்டையை (பாட்டின் ஆதார சுருதியை) முடிவு செய்யுங்கள். மேல் ஷட்ஜத்தோடு (மேல் 'ஸ') நின்றுவிடும் கீர்த்தனைக்கு (நம் ராக தாளத்தில் அமைந்த பாட்டு) ஒன்று முதல் இரண்டு கட்டை, அதாவது 'சி' முதல் 'டி' வரை, போதும். சரணம் மேல் அந்தர காந்தாரம் (அதற்கும் மேலுள்ள 'க') வரை ஏறினால் ஆறரைக் கட்டைக்கு, அதாவது நடு 'சி'க்குக் கீழுள்ள 'பி ஃபிளாட்'டுக்கு, இறங்குங்கள். இரண்டு கட்டையிலேயே பிடித்தால் பல்லவியை எல்லாரும் பாடுவார்கள். சரணத்தில் குயர் மட்டும் மிஞ்சும். முன்னின்று பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ற சுருதி சபைக்கும் ஏற்றது என்று எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது எடுப்பு. பாமாலைக்கு (மேல்நாட்டு மெட்டில் பாடும் பாட்டு) முன் கடைசி அடியை மட்டும் வாசித்தால் போதும். வாசிக்கும் வேகமே பாடும் வேகமாக இருக்கட்டும். கீர்த்தனையில் இன்னும் கவனம் வேண்டும். தாளம் தொடங்கி அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும் பாட்டுகள் உண்டு. அவற்றை நடத்துகிறவர் ஒரு முழு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) கையால் தாளம் காட்டி, எடுக்கும் இடத்துக்கு முன் எல்லாருக்கும் தெரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். சபை அந்த மூச்சைப் பார்த்துத்தான் சேரும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளக் கீர்த்தனைகளில் கடைசி எழுத்தை இழுத்து ஏழு எண்ணிக்கையை எட்டாக்கிவிடும் பழக்கம் எங்கும் உண்டு. தபேலா பிடிவாதமாக 3+4 என்று அடித்தால் இரண்டு வாரத்தில் சரியாகும். மைக்கில் திருத்தாதீர்கள்.

நீளமான ஆலயத்தில் பாட்டு இழுபடுவதற்கு இன்னொரு காரணம் தூரம். 30 மீட்டர் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.09 விநாடி ஆகும். பின்வரிசை தாமதமாகக் கேட்டுத் தாமதமாகப் பாடும். அதைக் கேட்டு ஆர்கனிஸ்ட் மெதுவாக்கினால் ஒவ்வொரு சரணத்திலும் வேகம் குறைந்துகொண்டே போகும். பின்னாலிருந்து வருவதைக் கேட்டு வாசிக்காமல், கையசைவைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

பாட்டு எண்ணை இருமுறை சொல்லுங்கள். புத்தகம் புரட்ட 15 விநாடியாவது விடுங்கள். எந்தச் சரணங்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னும் பல்லவி ஒருமுறையா இருமுறையா என்பதையும் அப்போதே அறிவியுங்கள். நடுவில் சரணத்தைத் தாண்டினால் பாதிச் சபை ஒரு வரியிலும் மீதி வேறு வரியிலும் நிற்கும்.

புதுப்பாட்டை ஆராதனைக்கு நடுவே கற்றுத்தர முயல வேண்டாம். முதல் வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் வாரம் காணிக்கை நேரத்தில் அவர்கள் பாடட்டும், சபை கேட்கட்டும். மூன்றாம் வாரம் ஆராதனைக்கு 10 நிமிடம் முன்பு பல்லவியை வரிவரியாகச் சொல்லி வாங்குங்கள். சரணத்தைக் குயர் பாட, பல்லவியைச் சபை பாடட்டும். நான்காம் வாரம் முழுப் பாட்டும் சபைக்கு. பிறகு ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை பாடாவிட்டால் மறந்துபோகும். மாதத்துக்கு ஒரு புதுப்பாட்டுக்கு மேல் எந்தச் சபைக்கும் பாரம்தான்.

கடைசியாக மைக். குயர் முழுவதற்கும் ஒன்றிரண்டு போதும். ஒருவர் பின்வரிசையில் போய் நிற்கட்டும். பக்கத்தில் பாடுகிறவரின் குரலைவிட ஒலிபெருக்கி ஓங்கிக் கேட்டால் குறைத்துவிடுங்கள். ஒரு சரணத்தை வாத்தியமே இல்லாமல் விட்டுப் பாருங்கள். அப்போது கேட்கும் சத்தம்தான் உங்கள் சபையின் சத்தம்.